பூதக்கண்ணாடியின் பத்து விரல்கள்

எங்கள் ஆலையில் என் அண்ணிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் நான்தான். அண்ணன் மனைவிக்குப் பட்டப்பெயர் வைக்காத நாத்தனார் உலகத்தில் உண்டா? ஒரு நாள் அது அவர் காதிலும் விழுந்தது. கோபப்படுவார் என்று பார்த்தால், அன்றைக்கு முழுக்க நிமிர்ந்தே நடந்தார்.

கோட்டு, கைப்பை, சூட்கேஸ் இவற்றுக்கெல்லாம் உள்பக்கம் வைத்துத் தைக்கிற வழவழப்பான துணி இருக்கிறதே, அதைத்தான் எங்கள் ஆலையில் நெய்கிறார்கள். நெய்து, சாயம் ஏறி வரும் துணியை அறுபது அறுபது மீட்டராக ரோல் சுற்றுவது என் வேலை. என் மிஷினிலிருந்து ரோல் நேராக அண்ணியின் மேசைக்குப் போகும். மேசை என்றால் சாய்வான கண்ணாடிப் பலகை, அடியில் நாலு டியூப் லைட். துணி மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். அண்ணியின் கண் வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்கும்; வலது உள்ளங்கை துணியின் மேல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது. எங்காவது ஒரு நூல் இழுபட்டு எழும்பியிருந்தால் போதும், காலால் பெடலை அமுக்கி நிறுத்துவார். ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒரு ரோலுக்கு ஐந்து ஸ்டிக்கர் வரை முதல் தரம். ஆறாவது விழுந்தால் இரண்டாம் தரம்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் இதைச் செய்கிறார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். என் முதல் ரோலில் முதல் ஸ்டிக்கர் ஒட்டியதும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. கடையில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் உருட்டித் தடவுவார். புதுப் போர்வை வந்தால் நீளவாக்கில் ஒரு தடவு, அகலவாக்கில் ஒரு தடவு. என் அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவரே யாராவது கேட்டால் சொல்வார்: "கல்யாணத்தன்னிக்கு பக்கத்துல வந்து உக்காந்தா. ஏதோ ஆசையா தோள்ல கை வைக்கிறான்னு நினைச்சேன். சட்டையைத் தடவிப் பாத்துட்டு, 'காலர்ல தையல் விட்டிருக்கு'ன்னா. அன்னைக்கே எனக்கு என் நிலைமை புரிஞ்சுபோச்சு."

அப்பேர்ப்பட்ட கைக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை என்றால் நம்புவீர்களா? காரணம் ஒரு பலகை. "எண்ணெய், க்ரீம் தடவிய கையோடு உள்ளே வரக் கூடாது" என்று செக்கிங் அறைக் கதவிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. அண்ணி சேர்ந்த முதல் வாரமே, பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வெள்ளை ரோலைத் தொட்டு, ஐந்து விரலும் அச்சாக விழுந்துவிட்டதாம். அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி அதைப் பார்த்தவர். அன்றிலிருந்து தன் தலைக்கு எண்ணெய் வைப்பதென்றால்கூட என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார். தன் கையால் பாட்டிலைத் தொட மாட்டார்.

கதை நடந்த வருஷம் ஆலையில் எல்லாமே புதுசு. கை கழுவும் இடத்தில் புதிதாகச் சுடுதண்ணீர்க் குழாய் வைத்தார்கள். எல்லோர் கழுத்திலும் நாடா போட்டு அடையாள அட்டை மாட்டினார்கள். செக்கிங் அறை ஆட்கள் மட்டும் அதைக் கழற்றிக் கதவருகே ஆணியில் தொங்கவிட்டுப் போக வேண்டும். செக்கிங் அறைக்கு ஏசி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புது ரகம் ஒன்று வந்தது, சாட்டின். பழைய ரகம் தடிப்பு, எருமைத் தோல், எது பட்டாலும் தாங்கும். இது மூச்சுவிட்டால் பறக்கிற துணி.

சாட்டின் வந்த மூன்றாவது வாரம் என் ரோல்களில் ஸ்டிக்கர் ஏற ஆரம்பித்தது. ஆறு, எட்டு. ஒரு ரோலில் பதினொன்று. எல்லாமே நூல் இழுப்பு. சூப்பர்வைசர் வந்தார், மெக்கானிக் வந்தார். என் மிஷினைப் பிரித்து உருளை உருளையாகத் துடைத்து, எங்காவது பிசிறு இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப மாட்டினார்கள். மறுநாள் ஒன்பது ஸ்டிக்கர். திரும்பவும் பிரித்தார்கள். மூன்றாம் தடவை பிரித்தபோது மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்ல. ஓட்டுறவங்க கொஞ்சம் பாத்து ஓட்டணும்."

எனக்கு வந்ததே கோபம்! அவரிடம் காட்ட முடியவில்லை, வீட்டுக்கு வந்து அண்ணியிடம் காட்டினேன். அண்ணன் வீடு கீழே, நாங்கள் மாடியில். சண்டை போடப் பத்துப் படி இறங்கினால் போதும்.

"ஏன் அண்ணி, சொந்த நாத்தனார்னு ஒரு ரெண்டு ஸ்டிக்கர் குறைச்சா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"ஸ்டிக்கருக்கு உறவு தெரியுமாடி? இழுப்பு இருக்கு, ஒட்டுறேன்."

"எனக்கு மட்டும் எப்படி இத்தனை இழுப்பு வருது?"

"அதை நீதான் பாக்கணும். நான் பாக்கறது துணியை, உன்னை இல்ல."

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மாசக் கடைசி வரை பார்ப்பாராம்; இதே மாதிரி இருந்தால் என்னைக் கழிவுத் துணிக் கொட்டகைக்கு மாற்றிவிடுவாராம். கொட்டகை என்றால் தகரக் கூரை, நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அண்ணியையும் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "நான் ஒட்டினது ஒட்டினதுதான் சார்" என்றாராம். வாழ்க நியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. அண்ணி விரலில் பிளாஸ்திரி. அண்ணன் கேட்டதற்குக் கத்தி பட்டுவிட்டது என்றார். மறுநாள் வேறு விரலில் பிளாஸ்திரி. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க என் மகளைக் கூப்பிட்டார். எலுமிச்சம்பழம் பிழிகிற வேலை அண்ணன் தலையில் விழுந்தது. ஒரு நாள் காலையில் ஆலைக்குக் கிளம்பும்போது என் யூனிஃபார்ம் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது என்று சரி செய்ய வந்தார். விரல் கழுத்தில் பட்டதும் துள்ளிவிட்டேன். "என்ன அண்ணி, முள்ளு மாதிரி குத்துது!" என்று எரிந்து விழுந்தேன். அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சண்டையில் இருந்த எனக்கு அது திருப்தியாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆலையில் வாங்கிய வெட்டுத் துண்டு சாட்டினில் என் மகளுக்கு ஒரு கவுன் தைத்திருந்தேன். இளநீல நிறம், ஒரு குறை சொல்ல முடியாது. தைக்கும் முன்பு வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன், பேச்சுவார்த்தை இல்லை என்பதை நேரில் காட்டத்தான்.

அண்ணி கவுனைப் பார்த்ததும் பழக்கதோஷம், முதுகுப் பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். 'கர்ர்' என்று மெலிதாக ஒரு சத்தம். கையை எடுத்தார். நீலத் துணியில் மூன்று நூல் எழும்பி நின்றது. நாலாவது நூல் அவர் ஆட்காட்டி விரலோடு கூடவே வந்தது.

அங்கே என் மிஷின் இல்லை, உருளை இல்லை, மெக்கானிக் இல்லை. கவுன் இருந்தது, அண்ணியின் கை இருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். "ஆஹா! பாத்தீங்களா? பாத்தீங்களா? ஊர்க் குத்தமெல்லாம் கண்டுபிடிக்கிற பூதக்கண்ணாடி! என் மிஷினை மூணு தடவை பிரிச்சாங்களே அண்ணி! கொட்டகைக்குப் போடின்னாங்களே!" என்று சத்தம் போட்டேன். அண்ணன் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். என் மகள் கவுனுக்காக அழ ஆரம்பித்தாள். அண்ணி தன் விரலில் சிக்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் என் முன்னால் விரித்தார்.

அப்போதுதான் நான் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில். மடிப்பு மடிப்பாக வெடிப்பு. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு ஆழமாகப் போய் உள்ளே சிவப்பு தெரிந்தது. உள்ளங்கை காகிதம் போலக் காய்ந்திருந்தது.

"வலிக்கலையா அண்ணி?"

"உப்பு பட்டா உசுரு போகுது."

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா செக்கிங்ல வச்சிருப்பாங்களா? என்னைக்காவது ஒரு நாள் தானா சரியாயிடும்னு நினைச்சேன்."

அது சரியாவதற்கு அவர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். இழுப்பு அதிகமாக வருகிறதே, கையில் அழுக்கும் பிசிறும் ஒட்டியிருக்குமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால் கையைக் கழுவினார். ஒவ்வொரு ரோலுக்கு முன்னும் புதுக் குழாயில் சுடச்சுடத் தண்ணீர் பிடித்து, துணி சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை. வீட்டுக்கு வந்து, சொரசொரப்பு போகட்டும் என்று குதிகால் தேய்க்கிற நுரைக்கல்லால் விரல் நுனியைத் தேய்த்தார். கழுவக் கழுவக் காய்ந்தது. காயக் காய இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் கழுவினார். ஒவ்வொரு சுற்றுக்கும் என் ரோலில் ஸ்டிக்கர் ஏறியது.

"நாளைக்கு முதல் வேலையா சார்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

இவ்வளவு நேரம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான்; கேட்டதும் பிடிக்கவில்லை. அந்த மேசை போனால் இந்த மனுஷி என்ன ஆவார்? "அவசரப்படாதீங்க. முதல்ல கையைப் பாப்போம். ஒரு வாரம் ரெண்டு ஸ்டிக்கர் குறைச்சு ஒட்டுங்க, யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேடி" என்றார்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் அறைக்கு இரண்டு பேரும் போனோம். சூப்பர்வைசர் எங்களைவிட வயதில் சின்னவர், அண்ணியை அக்கா என்பார். அண்ணி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். "நாத்தனாரைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாமா அக்கா?" என்றார். அண்ணி மேசை மேல் கிடந்த சாட்டின் சாம்பிளை எடுத்து, அவர் கண்முன் ஒரு தடவு தடவினார். கர்ர். சூப்பர்வைசரின் சிரிப்பு நின்றுபோனது.

"இத்தனை நாளா ஒட்டின ஸ்டிக்கர் எல்லாம் என் கை செஞ்சது சார். இவ மேல ஒரு தப்பும் இல்ல. எழுதிக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்களே. "நாலு வாரம் பேக்கிங்ல இருங்க அக்கா, கிளவுஸ் போட்டுக்கிட்டு. கை சரியானா ஒரு ரோல் போட்டுப் பாப்போம். அப்பவும் இழுத்தா பேக்கிங்லயே இருந்துடுங்க. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

நான் மிஷினில் நிலைத்தேன். அண்ணி மேசையிலிருந்து இறங்கினார். கதவருகே ஆணியில் தொங்கிய தன் அடையாள அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிற பக்கம் நடந்தார். அன்று அவர் நிமிரவில்லை.

சாயங்காலம் தோல் டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். வேறு எங்காவது அரிப்பு உண்டா, தடிப்பு உண்டா என்று கேட்டார். அண்ணி தன் கைகழுவும் சரித்திரத்தைச் சொன்னார். நுரைக்கல் வந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"அம்மா, தோல் மேல ஆண்டவன் ஒரு எண்ணெய்ப் பசை வச்சிருக்கான். அதுதான் உள்ள இருக்கிற ஈரத்தை வெளிய விடாம பிடிச்சு வைக்குது. நீங்க அதை ஒரு நாளைக்குப் பதினோரு தடவை கழுவி சாக்கடையில ஊத்துறீங்க. மிச்சம் இருக்கறதைக் கல்லு வச்சுத் தேய்க்கிறீங்க. தோல் என்ன பண்ணும், வெடிக்கத்தான் செய்யும்."

"வேற வியாதி ஏதும்..." என்று அண்ணி இழுத்தார்.

"வியாதியும் இல்ல ஒண்ணும் இல்ல. வறட்சி. சொன்னதைச் செஞ்சா மூணு நாலு வாரத்துல ஆறிடும்."

அந்த ஒரு வார்த்தை எங்கள் வயிற்றில் பாலை வார்த்தது. இருவருமே அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சொன்னது இதுதான். சுடுதண்ணீர் கூடாது, வெதுவெதுப்புப் போதும். துணி சோப்பு துணிக்கு, கைக்கு வாசனையில்லாத மென்மையான சோப்பு, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். கழுவியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த ஈரம் முழுசாகக் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், க்ரீம் தடவிவிட வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். படுக்கப் போகும்போது பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி மேலே பருத்தி உறை. ஆழமான வெடிப்புக்கு மட்டும் ஒரு வாரத்துக்குத் தனி மருந்து. பாத்திரம் கழுவினால் ரப்பர் உறை, அதற்குள் பருத்தி உறை. நுரைக்கல்லைத் தூக்கி எறிய வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஆறாவிட்டால் திரும்ப வரவேண்டும்.

அண்ணிக்கு ஒரே ஒரு கேள்வி. "க்ரீம் தடவின கையால துணியைத் தொட்டா கறை விழுமே டாக்டர்?"

"பத்து நிமிஷம் ஊற விட்டா எதுவும் விழாது. நம்பலைன்னா ஒரு மெல்லிசு காகிதத்துல கையை அழுத்திப் பாருங்க. பிசுக்கு தெரியலைன்னா தொடுங்க."

அண்ணனுக்கு அன்றிலிருந்து பாத்திரம் கழுவும் பதவி கிடைத்தது. கிடைத்த அன்றே ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தார். "வேன்ல ஒரு நாளைக்கு நூறு பார்சல் உடையாம கொண்டுபோய்க் கொடுக்கறேன், இது ஏன் உடைஞ்சுதுன்னு தெரியல" என்றார். அண்ணி வெள்ளை உறை மாட்டிய இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்படியில் எது எங்கே இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "கைக்குத்தானே உறை போடச் சொன்னாங்க, வாய்க்கு எதுவும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அவர் பேசிய மிக நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

தினமும் சாயங்காலம் ஒரு சோதனை. நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த சாட்டின் துண்டை மேசையில் விரிப்பேன். அண்ணி உறையைக் கழற்றி, கையைத் துடைத்து, துண்டின் மேல் ஒரு முறை ஓட்டுவார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். முதல் வாரம் கர்ர் அப்படியேதான் இருந்தது, ஆனால் கட்டைவிரல் வெடிப்பு மூடிக்கொண்டது. இரண்டாம் வாரம் சத்தம் பாதியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் சனிக்கிழமை திரும்பவும் கர்ர். விசாரித்தால், பேக்கிங்கில் கிளவுஸைக் கழற்றியபோது கையில் பசை ஒட்டிவிட்டதாம். பழைய ஞாபகத்தில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு ஐந்து நிமிஷம் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நான் கத்தினேன். அவர் எதிர்த்துப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அண்ணி என்னிடம் தலை குனிவதாவது! திங்கட்கிழமை நானே ஆலைக்குச் சீக்கிரம் போய், அந்தக் குழாய் மேல் "அண்ணிக்கு இல்லை" என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன்.

நடுவில் அவருக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அது என்னிடம் மட்டும் சொன்னது. "கை மெத்துன்னு ஆயிட்டே வருதுடி. இப்படியே ஆனா, துணியில இருக்கறது விரலுக்குத் தெரியுமா? சொரசொரப்பாலதான் இத்தனை வருஷம் கண்டுபிடிச்சேனோ என்னவோ." சேர்ந்த புதுசில் உங்கள் கை எப்படி இருந்தது என்று கேட்டேன். யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்போதும் கண்டுபிடித்தீர்கள்தானே என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் முழுசாக இல்லை.

அந்த நாலு வாரமும் அண்ணியின் மேசையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். என் ரோல்களில் இரண்டு ஸ்டிக்கர், மிஞ்சிப்போனால் மூன்று. எல்லாமே முதல் தரம். சாட்டின் என்றால் இரண்டு மூன்று இருக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தெனாவட்டாகச் சொன்னேன். மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அண்ணா, மிஷினைப் பிரிக்கலையா?" என்று கேட்டு மகிழ்ந்தேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் வந்ததையும் சொல்லத்தானே வேண்டும்.

நாலாம் வாரக் கடைசி மூன்று நாளும் சாட்டின் துண்டு வாயே திறக்கவில்லை. சோதனைக்கு வெள்ளிக்கிழமை மதியம் குறித்தார் சூப்பர்வைசர். வெண்ணெய் நிற சாட்டின் ரோல்; சின்னத் தப்பும் பளிச்சென்று தெரிகிற நிறம். அன்று காலை நான் சுற்றியதுதான். ரோலை முதலில் புதுப் பெண் பார்க்கக் கூடாது, அண்ணிதான் முதல் கை என்று ஏற்பாடு. மெக்கானிக்கும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். அண்ணி ஒரு மெல்லிய காகிதத்தில் உள்ளங்கையை அழுத்தி சூப்பர்வைசரிடம் காட்டினார். பிசுக்கு இல்லை. உட்கார்ந்தார். பெடலை அமுக்கினார். துணி இறங்கியது.

பத்து மீட்டர். சத்தமில்லை. பதினைந்து மீட்டர். கை போன வழியெல்லாம் துணி கண்ணாடியாகக் கிடந்தது. பதினெட்டாவது மீட்டரில் அண்ணி சட்டென்று நிறுத்தினார்.

ஒரு நூல் எழும்பியிருந்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அண்ணி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத் துணியை ஓட்டினார். முப்பத்தொன்றில் இன்னொன்று. ஐம்பதில் இன்னொன்று. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அண்ணி மட்டும் கலங்கவில்லை. மூன்றாவது இழுப்பின் மேல் விரலை வைத்து, துணியின் ஓரத்திலிருந்து சாண் போட்டு அளந்தார். துணியைப் பின்னால் ஓட்டி இரண்டாவதை அளந்தார். முதலாவதை அளந்தார். அப்புறம் நிமிர்ந்தார். நாலு வாரத்துக்கு அப்புறம் அந்த நிமிர்வைப் பார்த்தேன்.

"சார், மூணுமே ஓரத்திலிருந்து ஒரே சாண். என் கை இழுத்தா இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும். இப்படிக் கோடு போட்ட மாதிரி இழுக்காது. அதோட, இது நான் தொடறதுக்கு முன்னாடியே எழும்பியிருக்கு. விரல் மேல வந்து இடிச்சுது."

"அப்ப மிஷின்தான்" என்றார் மெக்கானிக், என்னைப் பார்த்து மலர்ந்து.

"மிஷினும் இல்ல" என்றார் அண்ணி. எழுந்து நேராக என் மிஷினுக்கு வந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தோம். "எங்க, எப்பவும் ஓரம் பாக்கறதுக்கு எப்படிக் குனிவியோ அப்படிக் குனிடி."

குனிந்தேன். என் கழுத்திலிருந்து அடையாள அட்டை தொங்கியது. அதை நாடாவோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கிளிப், மிஷினில் பாதி சுற்றி நின்றிருந்த துணியின் மேல் போய் 'டிக்' என்று ஒரு தடவை தொட்டது. ஓரத்திலிருந்து சரியாக ஒரு சாண்.

நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை. மிஷினை மூன்று தடவை பிரித்துப் பார்த்தார்கள். என் கழுத்தை யார் பார்த்தார்கள்? மெக்கானிக் அடக்க மாட்டாமல் சிரித்தார். சூப்பர்வைசரும் சிரித்தார். அண்ணியின் ஸ்டிக்கர் மழைக்குள் என் இரண்டு மூன்று துளியும் சத்தமில்லாமல் கலந்து விழுந்திருக்கின்றன. 'எல்லாம் என் கை செஞ்சது' என்று அந்த மனுஷி மொத்தப் பழியையும் எழுதிக்கொள்ளச் சொன்னபோது, நான் பக்கத்தில் நின்று உச்சி குளிர்ந்துகொண்டிருந்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அண்ணியின் கை பிழைத்தது. கை மெத்தென்று ஆனால் தெரியுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது.

"அக்கா, திங்கட்கிழமையிலிருந்து மேசைக்கு வந்துடுங்க" என்றார் சூப்பர்வைசர். "கதவுல இருக்கிற பலகையையும் மாத்திடறேன். பிசுக்கு இருக்கிற கையோட வரக் கூடாதுன்னு எழுதறேன். காகிதக் கட்டு ஒண்ணு வாசல்லயே வச்சிடலாம்."

"எதுக்கு சார் திங்கட்கிழமை? இன்னும் பத்து மீட்டர் பாக்கி இருக்கே" என்றார் அண்ணி.

அவர்கள் போனதும் நான் நிமிர்ந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. "அண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"விடுடி. ஆளுக்குக் கொஞ்சம். தப்பு வீட்டை விட்டு வெளிய போகலை, அது வரைக்கும் சந்தோஷம்."

சொல்லிக்கொண்டே என் காலரைத் தூக்கி, நாடாவைத் தலை வழியாகக் கழற்றி எடுத்தார். அவருடைய விரல்கள் என் கழுத்தில் பட்டன. ஒன்றுமே குத்தவில்லை. நான் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன், காலரை அவர் இன்னும் ஒரு தடவை சரி செய்யட்டும் என்று. அவர் கிளிப்பை என் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினார்.

"மிஷினைப் போடு. அடுத்த ரோல் வரட்டும்."